குறைமாதக் குழந்தையின் மூச்சும் நம்மிடமுள்ள அமானிதமும்

மனிதன் இவ்வுலகிற்கு வந்ததும் செய்கின்ற முதற் காரியம் மூச்சை உள்ளே இழுப்பது. இவ்வுலகை விட்டுப் பிரியும்போது செய்கின்ற கடைசிக் காரியம் அதை வெளியே விடுவது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே ஆயுள். அந்த இடைவெளியில் எத்தனை மூச்சு என்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. இதில் முஸ்லிம்களாகிய நமக்குள் எவ்விதக் கருத்து வேறுபாடும் இல்லை.

ஆனால், இந்த நம்பிக்கையை எந்த இடத்தில், எவ்வாறு பொருத்துவது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறிப் போகின்றார்கள். ஏழாம் மாதத்தில் ஒரு குழந்தை பிறக்கின்றது. "நுரையீரல் விரியவில்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்கின்றார் டாக்டர். அப்பொழுது குடும்பத்தில் மூன்று விதமான பேச்சுகள் எழுகின்றன. "அல்லாஹ் நாடினால் பிழைக்கும், இந்தச் சின்ன உடம்பில் எதற்கு இத்தனை ஊசியும் குழாயும்?" என்பது ஒன்று. "அதற்குக் கொடுக்கிற மருந்து பன்றியிலிருந்து எடுப்பதாமே, ஹராமைக் கொடுத்தா பிள்ளையைப் பிழைக்க வைப்பது?" என்பது மற்றொன்று. "இருப்பதையெல்லாம் விற்றுச் செலவு செய்து, கடைசியில் பிழைக்காமல் போனால் மற்றப் பிள்ளைகளின் கதி என்ன?" என்பது மூன்றாவது.

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு என்று எந்த ஊர் ஜமாஅத்தை எடுத்துக் கொண்டாலும் இக்கேள்விகள் ஒரு நாள் அவ்வூர் இமாமின் வாசலுக்கு வந்தே தீரும். வருகின்ற நேரமோ பெரும்பாலும் நள்ளிரவாக இருக்கும். கிதாபைப் புரட்டிப் பார்க்க அவகாசம் இராது. எனவே, பதற்றமில்லாத நேரத்திலேயே இவற்றை ஷரீஅத்தின் ஒளியில் நாம் ஆராய்ந்து வைத்துக் கொள்வது நலம்.

மூச்சு ஏன் திணறுகிறது?

ஒரு காரியத்தின் சட்டத்தைச் சொல்வதற்கு முன் அக்காரியத்தின் உண்மை நிலையை அறிய வேண்டும் என்பது நம் ஃபுகஹாக்களின் வழிமுறை. ஆகவே மருத்துவர்கள் கூறுவதை முதலில் கேட்போம்.

நம் நுரையீரல் கோடிக்கணக்கான சிறுசிறு காற்றறைகளால் ஆனது. அவற்றின் உட்புறம் ஈரமானது. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றின் மீது ஒன்று வைத்தால் எப்படி ஒட்டிக் கொண்டு பிரிய மறுக்கின்றனவோ, அவ்வாறே இக்காற்றறைகளும் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஒட்டிக் கொள்ளப் பார்க்கும். அப்படி ஒட்டிவிடாதிருக்க, சோப்பு நீரைப் போன்ற ஒரு வழவழப்பான பொருளை நுரையீரலிலேயே அல்லாஹ் சுரக்கச் செய்திருக்கின்றான். இதற்கு 'ஸர்ஃபக்டண்ட்' என்று பெயர். கருவின் ஏறத்தாழ 24ஆவது வாரத்தில் இது சுரக்கத் தொடங்கி, 34, 35ஆவது வாரங்களில்தான் போதிய அளவை அடைகின்றது. அதற்கு முன் பிறந்துவிடும் குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும், புது பலூனை முதன்முறை ஊதுவது போன்ற கடும் உழைப்பு. சில மணி நேரத்தில் அந்தப் பிஞ்சு உடல் களைத்துப் போகின்றது.

நிமிடத்திற்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குதல், மூக்கு விடைத்தல், விலா உள்ளே இழுத்தல், மூச்சு விடும்போது முனகல், உதடும் நாவும் நீலம் பாரித்தல் ஆகியவை இதன் அடையாளங்கள்.

நம் வீட்டு மூதாட்டிகளிடையே ஒரு சொல் வழங்குகின்றது: ஏழு மாதக் குழந்தை பிழைக்கும், எட்டு மாதக் குழந்தை பிழைக்காது என்று. இதற்கு மார்க்கத்திலும் ஆதாரமில்லை, மருத்துவத்திலும் ஆதாரமில்லை. ஒவ்வொரு வாரமும் கூடக்கூட நுரையீரல் பலப்படுவதால் எட்டு மாதக் குழந்தைக்கே வாய்ப்பு அதிகம். இந்தச் சொல்லை நம்பி எட்டு மாதக் குழந்தையின் மீது முயற்சியைக் கைவிடுவது எத்துணை பெரிய அநியாயம் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

ஆறு மாதமும் நம் ஷரீஅத்தும்

குறைமாதக் குழந்தையை 'அரைகுறை' என்று எண்ணுகின்ற மனப்பான்மை நம்மிடையே இருக்கின்றது. ஷரீஅத்தோ அவ்வாறு எண்ணவில்லை. கருவில் சுமப்பதும் பால்குடி மறக்கடிப்பதும் சேர்ந்து முப்பது மாதங்கள் என்று திருமறையின் 46:15 வசனம் கூறுகின்றது. பால்குடியின் காலம் இரண்டு ஆண்டுகள் என்று 31:14, 2:233 ஆகிய வசனங்கள் கூறுகின்றன. முப்பதில் இருபத்து நான்கைக் கழித்தால் எஞ்சுவது ஆறு. ஆகவே கர்ப்பத்தின் மிகக் குறைந்த காலம் ஆறு மாதம் என்று ஸஹாபாக்கள் காலத்திலேயே முடிவு காணப்பட்டது. நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் இதில் ஒன்றுபட்டிருக்கின்றார்கள்.

இதன் பொருள் என்ன? ஆறு மாதத்தில் உயிருடன் பிறந்த குழந்தை, தன் தந்தையின் பெயருக்கும் சொத்துக்கும் உரிமையுள்ள முழு மனிதப் பிறவி என்பதாகும். பிறந்து உயிரின் அடையாளம் வெளிப்பட்டு, பின்னர் ஒரு நிமிடத்தில் இறந்துவிட்டாலும் அது வாரிசாகும். அதற்குப் பெயரிட வேண்டும். குளிப்பாட்டிக் கஃபனிட வேண்டும். ஜனாஸா தொழ வேண்டும்.

உயிரின் அடையாளமாக முதலில் குறிப்பிடப்படுவது அழுகைச் சத்தம். ஆனால் ஃபுகஹாக்கள் அத்துடன் நிறுத்திக் கொள்ளவில்லை. மூச்சு, தும்மல், பால் சப்புதல், உயிருள்ள அசைவு ஆகியவற்றையும் பேசியிருக்கின்றார்கள். இது இங்கே மிக முக்கியம். ஏனெனில் நுரையீரல் விரியாத குழந்தையால் உரக்க அழ முடியாது. "அழவில்லை, அவ்வளவுதான்" என்று துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிடும் கொடுமை முற்காலத்தில் எத்தனையோ இடங்களில் நடந்ததுண்டு. அழாத குழந்தை, இல்லாத குழந்தையன்று. அதன் மௌனமே அது கேட்கின்ற உதவி.

ஜனாதிபதியின் மகனுக்குக் கிடைக்காத மருந்து

1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தது. பெயர் பேட்ரிக். எடை ஏறத்தாழ 2.1 கிலோ. இன்று நம் அரசு ஆஸ்பத்திரிகளில் 'பயப்பட வேண்டாம்' என்று சொல்லக்கூடிய எடைதான். ஆனால் அக்குழந்தைக்கு நுரையீரல் நோய் கண்டது. போஸ்டன் நகருக்குக் கொண்டு சென்று, உயர் அழுத்த ஆக்ஸிஜன் அறைக்குள் வைத்துப் பார்த்தார்கள். 39 மணி நேரமே வாழ்ந்து, ஆகஸ்டு 9ஆம் நாள் அது இறந்தது. உலகத்தின் பெரும் வல்லரசின் தலைவருக்கு, தன் மகனுக்காக ஒரு மூச்சை விலைக்கு வாங்க முடியவில்லை.

நோயின் காரணம் அப்போது தெரியாமலில்லை. இறந்த சிசுக்களின் நுரையீரலில் அந்த வழவழப்புப் பொருள் இல்லை என்பதை அதே போஸ்டன் நகரில் மேரி எல்லன் ஏவரி என்ற பெண் மருத்துவரும் ஜெரி மீட் என்பவரும் 1959லேயே கண்டறிந்திருந்தார்கள். காரணம் தெரிந்தது, மருந்துதான் இல்லை.

பின்னர் வழிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. 1971இல் கிரெகரி என்ற மருத்துவர், காற்றறைகள் ஒட்டிவிடாதிருக்க இடைவிடாத காற்றழுத்தம் கொடுக்கும் முறையை வெளியிட்டார். இன்று 'சி-பேப்' என்று வழங்குவது இதுவே. இதன் எளிய வடிவத்தில் ஒரு குழாயின் முனையைத் தண்ணீரில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் மூழ்க வைத்திருப்பார்கள். அந்த ஆழம் எவ்வளவோ அவ்வளவு அழுத்தம் குழந்தையின் நுரையீரலைத் தாங்கி நிற்கும். 1972இல் நியூஸிலாந்தின் லிக்கின்ஸும் ஹோவியும், பிரசவத்திற்கு முன்பே தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் கருவிலுள்ள குழந்தையின் நுரையீரல் விரைவில் பக்குவமடைகின்றது என்று காட்டினார்கள். 1980இல் ஜப்பானில் ஃபுஜிவாரா என்பவர் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த ஸர்ஃபக்டண்டை 10 குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக் குழாயில் செலுத்தி, மூச்சு சீரடைந்ததை வெளியிட்டார்.

1963இல் வெள்ளை மாளிகைக்குக் கிட்டாதது, இன்று சென்னை எழும்பூர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கூலித் தொழிலாளியின் பிள்ளைக்குக் கிட்டுகின்றது. அல்லாஹ் தன் அருட்கொடையை எவர் கையின் வழியாகவும் வெளிப்படுத்துவான். அதை நாம் எவ்வாறு ஏற்கின்றோம் என்பதே நமக்குரிய சோதனை.

தவக்குலா, கைவிடுதலா?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். சிகிச்சையை நாடுவது அல்லாஹ்வின் விதியை எதிர்ப்பதாகுமா?

நோயை இறக்கிய அல்லாஹ் முதுமை ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றிற்கும் மருந்தையும் இறக்கியிருக்கின்றான், ஆகவே மருத்துவம் செய்து கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கின்றார்கள். ஷாம் நாட்டில் கொள்ளை நோய் பரவியிருப்பதாகச் செய்தி கிடைத்து உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பியபோது, விதியை விட்டா ஓடுகின்றீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கின்றோம் என்பது உமர் (ரலி) அவர்கள் தந்த விடையின் சாரம். நோயும் விதிதான், மருந்தும் விதிதான், மருந்து இருக்கும் ஊருக்குப் போகின்ற வண்டியும் விதிதான்.

ஆயினும், 'மருத்துவம் செய்வது கடமையா, விரும்பத்தக்கதா, விட்டுவிட்டால் குற்றமா?' என்ற நுட்பமான கேள்வி எஞ்சுகின்றது. ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் தவக்குல் பற்றிய பகுதியில் இதற்கு அருமையான அளவுகோல் தந்திருக்கின்றார்கள். தீங்கை நீக்கும் காரணங்கள் மூன்று வகை என்கின்றார்கள். தாகத்திற்குத் தண்ணீர், பசிக்கு ரொட்டி போன்று பலன் உறுதியானவை முதல் வகை. இரத்தம் குத்தி எடுத்தல், பேதி மருந்து போன்று பலன் பெரும்பாலும் எதிர்பார்க்கத்தக்கவை இரண்டாம் வகை. சூடு போடுதல் போன்று வெறும் ஊகத்தில் நிற்பவை மூன்றாம் வகை. முதல் வகையை விடுவது தவக்குல் அன்று. மரண பயம் உள்ளபோது அதை விடுவது ஹராம். இரண்டாம் வகையைச் செய்வது தவக்குலுக்கு முரணல்ல, விட்டாலும் குற்றமில்லை. மூன்றாம் வகையை விடுவதே தவக்குலின் இலட்சணம்.

சகோதரர்களே! இந்த அளவுகோலை நம் விஷயத்தில் வைத்துப் பாருங்கள். 1963இல் அந்த உயர் அழுத்த அறை மூன்றாம் வகை. 1980இல் மாட்டு நுரையீரல் மருந்து இரண்டாம் வகை. இன்றோ, 32 வாரத்தில் பிறந்து வேறு கோளாறு இல்லாத குழந்தைக்கு வெப்பம், காற்றழுத்தம், தேவைப்பட்டால் ஸர்ஃபக்டண்ட் ஆகிய மூன்றும் முதல் வகைக்கு வெகு அருகில் வந்துவிட்டன. மருந்தின் பெயர் மாறாதிருக்கலாம்; அது நிற்கின்ற படி மாறிவிட்டது. படி மாறினால் சட்டமும் மாறும். நம் பாட்டனார் காலத்தில் குறைமாதக் குழந்தையை இழந்து பொறுமை காத்தவர்கள் நன்மையடைந்தவர்களே. அவர்களுக்கு வேறு வழியில்லை. வழியிருக்கும் காலத்தில் வாழ்கின்ற நாம், அவர்களுடைய பொறுமையை எடுத்து நம்முடைய அலட்சியத்திற்குப் போர்வையாகப் போர்த்தக் கூடாது.

பிறர் உடலில் நாம் பொறுமை காக்க முடியுமா?

இதில் இன்னொரு உண்மையும் உண்டு. வலிப்பு நோயால் துன்புற்ற ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆ கேட்டார். பொறுத்துக் கொண்டால் சுவனம், விரும்பினால் குணமடைய துஆ என்று இரண்டையும் அவர் முன் வைத்தார்கள் நபியவர்கள். அப்பெண்மணி பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். இதைக் காட்டி, மருத்துவத்தை விடுவதே உயர்ந்த நிலை என்று வாதிப்போர் உண்டு.

ஆனால், தேர்ந்தெடுத்தவர் யார்? நோயுற்ற பெண்மணியே. தம் உடலைப் பற்றித் தாமே முடிவு செய்தார். ஒரு தந்தை தன் பிள்ளையின் உடலைப் பற்றி அவ்வாறு செய்ய இயலாது. பிள்ளை அவனுடைய உடைமையன்று. அவனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதப் பொருளில் பொறுப்பாளன் தாராளம் காட்டக் கூடாது என்பது நாமெல்லாம் அறிந்த சட்டம். அநாதையின் பணத்தைத் தர்மம் செய்துவிட்டு, "நான் பற்றற்றவன்" என்று ஒருவன் சொன்னால் ஏற்போமா? பிள்ளையின் மூச்சை விட்டுக் கொடுத்துவிட்டு, "நான் தவக்குல் வைத்தேன்" என்பதும் அதைப் போன்றதே.

பன்றியின் நுரையீரலும் நிர்ப்பந்தமும்

இரண்டாவது கேள்வி கனமானது. உலகில் வழங்கும் ஸர்ஃபக்டண்ட் மருந்துகளில் ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள் இருவர் உருவாக்கிய 'கியூரோஸர்ஃப்' பன்றியின் நுரையீரலிலிருந்து எடுக்கப்படுகின்றது. 'ஸர்வாண்டா', 'நியோஸர்ஃப்' ஆகியவை மாட்டின் நுரையீரலிலிருந்து எடுக்கப்படுகின்றன. இரு வகையும் நம் நாட்டில் பயன்படுகின்றன.

பன்றி நஜீஸ் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பன்றியைத் தடுத்த அதே வசனங்கள் (2:173, 5:3), வரம்பு மீறும் எண்ணமின்றி நிர்ப்பந்தத்திற்கு ஆளானவர் மீது குற்றமில்லை என்பதையும் உடன் சேர்த்தே கூறுகின்றன. தடையும் விதிவிலக்கும் ஒரே மூச்சில் வந்திருக்கின்றன. ஒன்றை எடுத்து மற்றதை விடுவது பேணுதல் ஆகாது.

ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் இமாமாகிய நவவீ (ரஹ்) அவர்கள் 'மஜ்மூஉ'வில், சுத்த மதுவைத் தவிர்த்த மற்ற நஜீஸான பொருட்களைக் கொண்டு மருத்துவம் செய்வது, அதற்குப் பதிலாகச் சுத்தமான பொருள் கிடைக்காதபோது கூடும் என்று விளக்கியிருக்கின்றார்கள். மருத்துவம் அறிந்தவரின் சொல் வேண்டும் என்பதும் அங்கே நிபந்தனை. ஹனஃபி மத்ஹபின் பிற்கால அறிஞர்களிலும், அதில் குணம் உண்டென்று தெரிந்து, வேறு மருந்தும் இல்லாதபோது அனுமதித்தோர் உண்டு. நம்பத்தகுந்த, துறையறிந்த மருத்துவர் எம்மதத்தவராயினும் அவர் சொல்லை இவ்விஷயத்தில் ஏற்கலாம் என்பது இக்கால உலமாக்கள் பலரின் கருத்து.

'பன்றியின் பொருள் இரசாயன மாற்றம் அடைந்துவிட்டதால் அது பன்றியே அல்ல' என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றார்கள். உப்பளத்தில் விழுந்த பிராணி உப்பாகவே மாறிவிடுவது போன்ற முழு மாற்றத்திற்கு ஹனஃபி மத்ஹபில் இடமுண்டு என்பது உண்மை. ஆயினும் இம்மருந்து, உள்ளதைப் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்துவதே தவிர, வேறொன்றாக மாறிவிடுவதன்று. ஆகவே அந்த வாதத்தில் சாயாமல், நிர்ப்பந்தம் என்ற உறுதியான தூணில் சாய்வதே நேர்மை.

மாட்டு மருந்து என்றதும் 'அது முழு ஹலால்' என்று நிம்மதி கொள்வோரும் சற்று யோசிக்க வேண்டும். அந்த மாடு பிஸ்மில்லாஹ் சொல்லி அறுக்கப்பட்டதா என்பது நமக்குத் தெரியாது. முறைப்படி அறுக்கப்படாதது செத்ததன் சட்டத்தில் சேரும். எனவே அங்கும் நமக்குத் துணை நிற்பது நிர்ப்பந்தச் சட்டமே. இரண்டில் இலேசானது மாட்டு மருந்து, அவ்வளவுதான்.

முடிவு இது: இரண்டும் கைவசம் இருந்து, இரண்டும் போதும் என்று மருத்துவர் கூறினால் மாட்டு மருந்தைக் கேட்டுப் பெறுங்கள். பன்றியிலிருந்து எடுத்ததுதான் அங்கே இருக்கின்றது, அல்லது அதுவே இக்குழந்தைக்கு வேண்டும் என்று மருத்துவர் கூறினால் தயக்கமின்றிச் சம்மதியுங்கள். வேறு மருந்து தேடி ஒரு மணி நேரம் தாமதிப்பது பேணுதலன்று; அந்த ஒரு மணி நேரம் குழந்தைக்குச் சொந்தமானது.

படமும் அளவும்

எக்ஸ்ரே எடுப்பதைப் பற்றியும் அச்சம் உலவுகின்றது. மார்க்கம் தடுத்த உருவப் படத்திற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 1895இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த இக்கதிர், உடலின் உள்ளே விழுகின்ற நிழலைக் காட்டுவதேயாகும். காற்று நிறைந்த நுரையீரல் படத்தில் கறுப்பாகத் தெரியும். விரியாத நுரையீரல் மங்கல் கண்ணாடி போல வெளிறித் தெரியும். அதனூடே மூச்சுக் குழாய்கள் மட்டும் கறுத்த கிளைகளாக நிற்கும். நோய் முற்றினால் நெஞ்சு முழுவதும் வெள்ளையாகிவிடும்.

"மூச்சுத் திணறுவது கண்ணுக்கே தெரிகின்றதே, படம் எதற்கு?" என்று கேட்கலாம். திணறல் ஒன்று, காரணங்கள் பல. கருவில் நுரையீரலில் இருந்த நீர் வற்றாமல் நின்றாலும் மூச்சு வாங்கும்; அது பெரும்பாலும் மூன்று நாளில் தானே சரியாகிவிடும். கிருமி தொற்றினாலும் மூச்சு வாங்கும். நுரையீரல் கிழிந்து வெளியே காற்று தேங்கினாலும் மூச்சு வாங்கும். அதை உடனே ஊசியால் வெளியேற்றாவிடில் உயிர் போகும். பார்க்காமல் மருந்து கொடுப்பது, கேட்காமல் தீர்ப்புச் சொல்வதற்கு ஒப்பாகும். சிசுவுக்கு எடுக்கும் ஒரு நெஞ்சுப் படத்தின் கதிர் அளவு மிகச் சொற்பம். கதிரே இல்லாத ஸ்கேன் முறையிலும் இப்பொழுது நுரையீரலைப் பார்க்கின்றார்கள். அதே நேரத்தில், நிலைமை கடுமையானால் படத்திற்காகக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குவதும் மருத்துவர்களின் வழக்கம்.

'நிறைய ஆக்ஸிஜன் வையுங்கள்' என்று சண்டை பிடிக்கும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் மேல்நாடுகளில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாக ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வையிழந்தன. காரணம் ஆக்ஸிஜனின் மிகுதி என்று 1951இல் ஆஸ்திரேலியாவின் கேட் கேம்ப்பெல் சுட்டிக் காட்டினார். அதன் பின் அஞ்சி, அளவுக்கு மீறிக் குறைத்ததால் மரணங்கள் கூடின. மிகுந்தால் கண் போகும். குறைந்தால் உயிர் போகும். வானத்தை உயர்த்தித் தராசை அமைத்த இறைவன், அளவில் வரம்பு மீறாதீர்கள் என்று ஸூரத்துர் ரஹ்மானில் எச்சரிப்பதன் பொருள், ஒரு சிசுவின் மூக்குக் குழாயிலும் விளங்குகின்றது. ஆகவே அளவை மருத்துவரிடம் விடுங்கள். ஆனால் குழந்தை தேறிய பின், ஏறத்தாழ நான்காவது வாரத்தில் கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல மறந்துவிடாதீர்கள்.

ஸுன்னத்தான காரியங்கள்

இன்குபேட்டரில் இருக்கும் குழந்தைக்கு பாங்கு சொல்வது எப்படி என்று கேட்கின்றார்கள். கை கழுவி, அனுமதி பெற்று, அருகில் நின்று மெல்லிய குரலில் சொன்னால் போதும். காதில் வாய் வைக்க வேண்டியதில்லை. பேரீச்சம்பழத்தை மென்று வாயில் தடவும் தஹ்னீக்கை, மருத்துவர் வாய் வழியாகப் பால் கொடுக்க அனுமதிக்கும் வரை தள்ளி வையுங்கள். மூச்சுத் திணறும் குழந்தையின் வாயில் தேனோ, சர்க்கரைத் தண்ணீரோ விட்டால் அது நுரையீரலுக்குள் போய்விடக் கூடும். ஸுன்னத்தை நிறைவேற்றுகின்றோம் என்று பர்ளான உயிர்க் காப்பைப் பாழாக்கக் கூடாது. தலைமுடி களைவதும் அகீகாவும் ஏழாம் நாளில் இயலாவிட்டால் பின்னர் செய்யலாம். பெயரை மட்டும் தாமதிக்க வேண்டாம். குளிப்பாட்டவும் அவசரம் வேண்டாம்; குளிரே இக்குழந்தைகளின் முதல் எதிரி.

குழந்தை நிலைபெற்றதும் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கச் சொல்வார்கள். 1978இல் கொலம்பியா நாட்டில், இன்குபேட்டர் போதாமையால் தொடங்கிய முறை இது. இப்போது உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கின்றது. தகப்பனும் அவ்வாறு அணைக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லா வழியும் அடைத்தால்

23, 24 வாரங்களில் பிறந்த மிகச் சிறு குழந்தைகளின் நிலை வேறு. அங்கே சிகிச்சை இன்னும் கஸ்ஸாலி இமாம் சொன்ன இரண்டாம் படியில்தான் இருக்கின்றது. சிலருக்கு மூன்றாம் படியில். மருத்துவர்கள் ஒன்று கூடி, இனி இந்த வெண்டிலேட்டரால் பலனில்லை, வேதனை மட்டுமே நீளும் என்று தெளிவாகக் கூறினால், அதன் பின்னும் இயந்திரத்தைத் தொடர்ந்தே ஆக வேண்டும் என்ற கடமை இல்லை. அது கொலையாகாது. மூளை முற்றிலும் செயலிழந்தவரிடமிருந்து உயிர்க் காப்புக் கருவியை அகற்றலாம் என்று 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி முடிவு செய்திருக்கின்றது. சிசுக்களில் அந்நிலையைத் தீர்மானிப்பது மிகக் கடினமாதலால், இம்முடிவை ஒரு தனி மனிதர் எடுக்காமல் மருத்துவர் குழுவும் பெற்றோரும் ஆலிம்களும் கலந்தே எடுக்க வேண்டும். கருவியை நிறுத்தலாம், கதகதப்பையும் தாயின் மடியையும் நிறுத்தக் கூடாது. இளமையில் இறந்த பிள்ளைகள் பெற்றோருக்கு நரகத்தை மறைக்கும் திரையாவார்கள் என்ற நற்செய்தி அந்தத் தாய்க்காகவே சொல்லப்பட்டது போலிருக்கின்றது.

செலவு யார் பொறுப்பு?

மூன்றாவது கேள்விக்கு விடை, குழந்தையைப் பற்றிப் பேசுகின்ற 2:233 வசனத்திலேயே இருக்கின்றது. எந்த ஆத்மாவும் சக்திக்கு மேல் சுமத்தப்படாது. பிள்ளையின் பொருட்டுத் தாயும் தந்தையும் இடருக்கு உள்ளாக்கப்படக் கூடாது. அப்படியானால் தந்தையால் இயலாததை யார் சுமப்பது? சமுதாயம் சுமக்க வேண்டும். அது பர்ளு கிஃபாயா.

2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அதில் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 30 இலட்சம். வேறெந்த நாட்டையும் விட அதிகம். இரத்தசோகை, இரத்தக் கொதிப்பு, கிருமித் தொற்று, புகை, இளவயதுத் திருமணம், அடுத்தடுத்த பிரசவம் ஆகியவை இதன் காரணங்களில் சில. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலைகளை நம்பிப் பீகாரிலிருந்தும் ஒடிஸ்ஸாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து வாழும் குடும்பங்களில் இவற்றில் பல ஒரே கூரையின் கீழ் குடியிருக்கின்றன.

வசதிகள் இல்லாமலில்லை. திருவள்ளூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு ஆஸ்பத்திரியும், எழும்பூரில் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்குமான பெரிய அரசு ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. 2011 முதல் நடைபெறும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமும், நோயுற்ற பச்சிளம் குழந்தையின் சிகிச்சையும், வண்டியும் இலவசம். 108க்குத் தொலைபேசி செய்தால் வண்டி வரும். இவற்றை அறியாமல் தனியார் வாசலில் நகையை அடகு வைப்போர் நம்மில் எத்தனை பேர்!

குறைமாதக் குழந்தையைக் கொண்டு செல்ல மிகச் சிறந்த வாகனம் தாயின் கருவறையே. மாதம் நிறையுமுன் வலி கண்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, "வேலைக்குப் போன மாப்பிள்ளை வரட்டும்" என்று காத்திராமல் அப்போதே புறப்பட வேண்டும். பிரசவத்திற்கு முன் ஸ்டீராய்டு ஊசி போட்டுக் கொள்ள அவகாசம் கிடைக்கும். பெண் டாக்டர் இல்லையென்று தாமதிக்க வேண்டாம். அவசியத்தின்போது ஆண் மருத்துவர் பார்ப்பதை மார்க்கம் அனுமதித்திருக்கின்றது.

ஜமாஅத்துகளுக்கு நாம் மூன்று காரியங்களை முன்வைக்கின்றோம். ஒன்று, நள்ளிரவில் அழைத்தால் வண்டியுடன் வரக்கூடிய இருவரின் எண்ணைப் பள்ளிவாசல் பலகையில் எழுதி வையுங்கள். இரண்டு, ஸக்காத் பெறத் தகுதியுள்ள ஏழைகளிலும் கடனாளிகளிலும் இத்தகைய பெற்றோரைச் சேர்த்துக் கவனியுங்கள். மூன்று, மதரஸாவில் உர்தூ கற்ற இமாம்கள் நம்மில் பலர். வடநாட்டுத் தொழிலாளி ஒருவர், டாக்டர் சொல்வது புரியாமல் கையொப்பமிட அஞ்சி நிற்கும்போது, உடன் நின்று மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். அவர் முஸ்லிமா அல்லவா என்று கேட்காதீர்கள். ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவர் போலாவார் என்று திருமறை (5:32) கூறும்போது, அந்த உயிர் எந்த வீட்டுடையது என்று பிரிக்கவில்லை. நாம் கற்ற மொழி அன்றிரவு ஒரு மூச்சுக்குப் பயன்படுமானால், அது கற்றதன் பலன்களில் ஒன்றாகும்.

முயற்சி நம்முடையது, முடிவு அவனுடையது. முயற்சியை விட்டுவிட்டு முடிவை அவன் மீது சாட்டுவது அடியானின் ஒழுக்கமன்று. முயன்ற பின் அவன் எடுத்துக் கொண்டால் அது அவனுடைய பொருள். அவன் திருப்பித் தந்தால் அது மீண்டும் நம்மிடம் வந்த அமானிதம்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் சிசுக்களின் மூச்சை இலேசாக்கி வைப்பானாக! அவர்களுக்காக இரவு பகல் விழித்திருக்கும் மருத்துவர்களுக்கும் தாதிமார்களுக்கும் நற்கூலி வழங்குவானாக! நம்மிடம் ஒப்படைத்ததைப் பேணிக் காக்க நமக்கெல்லாம் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.